இளவேனில் வான்கோழி வேட்டைக்கு உகந்த நேரம் எது?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இளவேனிற் பருவத்து வான்கோழி வேட்டைக்கு நாளின் எந்த நேரம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கவலை கேள்வியின் பின்பாதியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்குத்தான் உங்களால் காட்டை அடைய முடிகிறது. உங்களுக்கு வேட்டை கற்றுக்கொடுக்கும் அலுவலக நண்பரோ, விடிவதற்கு முன் மரத்தடியில் உட்காராதவருக்கு வான்கோழி கிடைக்காது என்கிறார். அப்படியானால் ஒன்பது மணிக்குப் போவது வீணா, போனால் எவ்வளவு நேரம் இருப்பது என்பதே நீங்கள் அறிய விரும்புவது. நான் பதினெட்டு ஆண்டுகளாக ஓசார்க் மலைக்காடுகளில் இந்தப் பறவைக்காக உட்கார்ந்து வருகிறேன். புதியவர்கள் பலரை உடன் அழைத்துச் சென்றும் இருக்கிறேன். வீணில்லை என்பதே என் பதில். விடியற்காலை, சேவல் எங்கே இருக்கிறது என்று காதால் அறிவதற்கு ஈடற்ற நேரம். அதே சேவல், பெட்டையைப் போல நீங்கள் எழுப்பும் குரலை நம்பி நடந்து வருவதற்கு, என் அனுபவத்தில், ஒன்பதரைக்கும் பகல் பதினொன்றரைக்கும் இடைப்பட்ட நேரமே கூடுதலாக உதவியிருக்கிறது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால், கடிகாரத்தைவிடப் பெட்டைகள் எங்கே இருக்கின்றன என்பதே முக்கியம் என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும்.

வான்கோழி இரவில் மரத்தில் அடையும் பறவை. ஓசார்க்கில் பெரும்பாலும் மலைச்சரிவின் மேற்பாதியில் அல்லது ஓடையை ஒட்டி நிற்கும் பெரிய ஓக் மரங்களின் கிடைக் கிளைகளில் அவை அடைந்திருக்கும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் இங்கே சூரியன் ஏறத்தாழ 6.25-க்கு உதிக்கிறது, மே பத்தாம் தேதி வாக்கில் அது 6 மணியாகிவிடுகிறது. கருக்கல் கலையத் தொடங்கும்போதே, அதாவது உதயத்துக்கு முக்கால் மணி, அரை மணி முன்பே, சேவல் மரத்திலிருந்தபடி முழங்க ஆரம்பிக்கும். அமெரிக்கர்கள் ‘காபிள்’ என்று சொல்லும் இந்த முழக்கத்தில்தான் அது தன் இருப்பைப் பெட்டைகளுக்கு அறிவிக்கிறது. அமைதியான காலையில் பள்ளத்தாக்குக்கு அப்பால் இருந்தும் அது கேட்கும். இயற்கையில் நடக்கும் முறை, சேவல் பெட்டையைத் தேடிப் போவதன்று. முழக்கம் கேட்ட பெட்டை சேவலிடம் வருவதுதான். உதயத்தை ஒட்டி அவை மரத்திலிருந்து இறங்கும். இறங்கிய இடத்திலேயே பெட்டைகள் சூழ்ந்துகொள்ளும். சேவல் வாலை விசிறியாக விரித்து, இறக்கை நுனியைத் தரையில் உரசியபடி அவற்றின் நடுவே நடைபோடும்.

இந்தக் கட்டத்தில் நீங்கள் எவ்வளவு திறமையாகப் பெட்டைக் குரலை எழுப்பினாலும், நீங்கள் கண்ணில் படாத ஒரு பெட்டைதான். சேவலின் எதிரிலோ கண்ணில் தெரியும் நான்கைந்து பெட்டைகள் நிற்கின்றன. அது உங்களுக்குப் பதில் முழங்கும், ஆனால் வராது. மரத்தில் இருந்தபோது ஐம்பது முறை முழங்கிய சேவல், இறங்கிய பத்து நிமிடத்தில் வாயை மூடிக்கொண்டு பெட்டைகளின் பின்னால் எதிர்த்திசையில் போய்விடுவதை ஒவ்வொரு பருவத்திலும் பலமுறை பார்த்திருக்கிறேன். விடியலில் இறங்கும் வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் எட்டு, எட்டரை மணிக்கு வண்டிக்குத் திரும்புவது இதனால்தான்.

அதன்பின் நடப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. முட்டையிடும் பருவத்தில் இருக்கும் பெட்டை நாளுக்கு ஒரு முட்டை வீதம், பத்து முதல் பன்னிரண்டு முட்டைகள் வரை இடுகிறது. கூடு என்பது சருகில் பறித்த ஒரு சிறு குழிதான். காலையில் சேவலோடு சற்று நேரம் மேய்ந்த பிறகு அது ஓசையின்றி விலகிக் கூட்டுக்குப் போகிறது. முதல் முட்டைகளின்போது கூட்டில் சிறிது நேரமே தங்கும். முட்டைகளின் எண்ணிக்கை கூடக்கூட அங்கே இருக்கும் நேரமும் கூடிக்கொண்டே போகும். முட்டைகள் முழுமையானதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஏறத்தாழ இருபத்தெட்டு நாள் அடைகாக்கும் அந்தக் காலத்தில், இரைக்காகச் சிறிது நேரம் எழுவதைத் தவிர நாள் முழுவதும் கூட்டிலேயே இருக்கும். ஆக, முற்பகல் ஒன்பது, பத்து மணி அளவில் சேவலைச் சுற்றியிருந்த கூட்டம் ஒவ்வொன்றாகக் கரைகிறது. இனச்சேர்க்கை வேகம் குறையாத அந்தச் சேவல் தனித்து நிற்கிறது. விடியலில் அலட்சியப்படுத்திய அதே குரல் இப்போது அதற்கு வேறு பொருள் தருகிறது.

இதற்கு எடுத்துக்காட்டாக ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பருவத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, ஓடைக்கு மேலுள்ள மேட்டில் ஒரு சேவல் முழங்கியது. அது அடைந்திருந்த மரத்துக்கு நூற்றிருபது கெஜம் தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். அது இறங்கியது, இரண்டு பெட்டைகளோடு ஓடையைத் தாண்டிப் போயிற்று, ஏழேகாலுக்குப் பிறகு ஒலியே இல்லை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் எழுந்துவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. ஒருமுறை அப்படி எழுந்து போய் வண்டிக் கதவைத் திறந்துகொண்டு நின்றபோது, நான் சற்றுமுன் விட்டு வந்த அதே மேட்டில் சேவல் முழங்கியதைக் கேட்ட பிறகுதான் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஆகவே இம்முறை ஓரமாக நகர்ந்து, காப்பி குடித்துவிட்டு, பத்து மணி வாக்கில் சேவல் கடைசியாகப் பெட்டைகளோடு நின்றிருந்த இடத்துக்கு எண்பது கெஜத்துக்குள் வந்து, டாக்வுட் மரத்தின் வெள்ளைப் பூக்களுக்குப் பின்னால் ஒரு தடித்த ஓக்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். ஸ்லேட் பலகையில் குச்சியைத் தேய்த்து, ‘யெல்ப்’ எனப்படும் பெட்டைக் குரலை நான்கு முறை மட்டும் எழுப்பினேன். பதில் முழக்கம் வரவில்லை. பன்னிரண்டு நிமிடம் கழித்து, காதுக்குக் கேட்டது என்பதைவிட நெஞ்சில் உணர்ந்தேன் என்று சொல்லத்தக்க ஓர் அதிர்வு: தூரத்தில் லாரி ஒன்று நின்றபடி இரைவது போன்ற தாழ்ந்த ஒலி. விரித்த வாலோடு நிற்கும் சேவல் உள்ளுக்குள் எழுப்பும் ஒலி அது. நூறு கெஜத்துக்கு மேல் கேட்காது. பிறகு சருகு நொறுங்கும் ஓசை, இரண்டடி, நிறுத்தம், மறுபடி இரண்டடி. சரிவின் விளிம்புக்கு மேல் முதலில் வந்தது தலை. நெற்றி வெண்மையும் கன்னம் நீலமும் கழுத்து சிவப்புமாக இருந்தது. முப்பத்தைந்து கெஜத்தில் அது கழுத்தை நீட்டியது. அப்போது மணி 10.25.

இனி, எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். உதயத்தை ஒட்டிய நேரத்தில்தான் சேவல்கள் மிகுதியாக முழங்குகின்றன என்பதில் ஐயமில்லை. இது வேட்டைக்காரர்களின் நினைவை மட்டும் நம்பிச் சொல்வதன்று. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லினும் அவரோடு சேர்ந்து பணியாற்றும் ஆய்வாளர்களும் தென்மாநிலக் காடுகளில் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்திப் பல பருவங்கள் முழக்கங்களைப் பதிவு செய்து எண்ணியிருக்கிறார்கள். வேட்டை தொடங்கிய பிறகு முழக்கம் குறைகிறது என்பதையும் அந்த ஆய்வுகள் காட்டின. பெட்டைகள் முற்பகலில் கூட்டுக்கு விலகுவதும் உறுதியானதே. ஆனால் பத்து மணிச் சேவல் விடியற்காலைச் சேவலைவிட எளிதில் வரும் என்பது, பெரும்பகுதி என் போன்றவர்களின் அனுபவத்திலிருந்து வரும் கூற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுடப்பட்ட பறவைகளை மட்டும் எண்ணினால் அதிகாலையில் சுடப்படுபவையே மிகுதி. அதற்குக் காரணம், அதிகாலையில்தான் காட்டில் வேட்டைக்காரர்களும் மிகுதி. மறுபுறம், பத்து மணி வரை பொறுமையாக இருப்பவர் பெரும்பாலும் பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர். அவருடைய வெற்றிக்கு நேரம் எவ்வளவு காரணம், கைப்பழக்கம் எவ்வளவு காரணம் என்று பிரிப்பது எளிதன்று. நிலவின் பிறை, காற்றழுத்தமானி காட்டும் எண் ஆகியவற்றை வைத்து முழக்கத்தைக் கணிப்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றை நம்பி ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கவோ தவிர்க்கவோ நான் சொல்ல மாட்டேன்.

பருவத்தின் எந்த வாரம் என்பதைச் சேர்க்காமல் நேரத்தைப் பற்றிப் பேசினால் பதில் அரைகுறையாகிவிடும். மிசௌரியின் பொதுப் பருவம் ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை வாக்கில் தொடங்கி மூன்று வாரம் நடக்கிறது. முதல் வாரத்தில் பெட்டைகள் இன்னும் சேவல்களோடு திரிகின்றன. சிலவே முட்டையிட விலகுகின்றன. அப்போது விடியலில் ஓசை மிகுதி, வரவு குறைவு. முற்பகல் இடைவெளியும் குறுகியது. இரண்டாம் வாரத்தில் முட்டையிடலும் அடையும் ஒன்றன்மேல் ஒன்றாக நடப்பதால், ஒன்பதரை முதல் பதினொன்றரை வரையிலான அந்த இடைவெளி நன்றாக விரிகிறது. நீங்கள் ஒரே ஒரு சனிக்கிழமைதான் போக முடியும் என்றால் இந்த வாரத்துச் சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரத்தில் நிலைமை மறுபடி மாறுகிறது. பல பெட்டைகள் அடையில் உட்கார்ந்துவிட்டதால், சில சேவல்கள் மரத்திலிருந்து இறங்கும்போதே தனியாக இறங்குகின்றன. அந்த நாள்களில் உங்கள் நண்பர் சொல்வதே சரி, விடியலில் முதல் குரலுக்கே சேவல் ஓடி வருவதும் உண்டு. ஆனால் அதற்குள் இலைகள் முற்றித் தழைத்து ஒலியை விழுங்கிவிடும். முந்நூறு கெஜத்தில் முழங்குவது அரை மைலுக்கு அப்பால் என்று தோன்றும். உண்ணியும் கொசுவும் பெருகியிருக்கும். இன்னொன்றும் உண்டு. ரக்கூன் போன்ற விலங்குகளிடம் முட்டைகளை இழந்த பெட்டை மீண்டும் சேவலைத் தேடி வரும். ஆகவே முந்தின நாள் தனித்திருந்த சேவல் மறுநாள் துணையோடு இருந்தால் வியப்பதற்கில்லை.

வானிலையும் நேரத்தை நகர்த்தும். மழையும் பலத்த காற்றும் முழக்கத்தைக் குறைக்கின்றன. காற்று நீங்கள் கேட்பதையும் கெடுக்கிறது. மேகமூட்டமான காலையில் பறவைகள் மரத்திலிருந்து தாமதமாக இறங்குவதால் எல்லாமே அரைமணி, முக்கால் மணி பின்னுக்குப் போகும். மழை பெய்யும்போது வான்கோழிகள் காட்டைவிட்டுத் திறந்த புல்வெளிக்கு வந்து நிற்பது வழக்கம். நனைந்த காட்டில் இலைதோறும் சொட்டும் ஓசையில் எதிரி வருவது காதுக்குத் தெரியாது என்பதால் கண்ணை நம்பி வெளியில் நிற்கின்றன என்பதே பலரும் தரும் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. மழை விட்டு வெயில் விழும் முதல் ஒரு மணி நேரம், கடிகாரம் என்ன காட்டினாலும், விடாமல் உட்கார வேண்டிய நேரம்.

சட்டம் அனுமதிக்கும் நேரமே முதலில் பார்க்க வேண்டியது. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. மிசௌரியில் உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து வேட்டையாடலாம். பொது நிலங்களில் பகல் 1 மணிக்கு முடித்துவிட வேண்டும். தனியார் நிலத்தில் 2024 முதல் மாலை அத்தமனம் வரை நீட்டித்திருக்கிறார்கள். இல்லினாயில் 1 மணி, நியூயார்க்கில் நண்பகல். பென்சில்வேனியாவில் பருவத்தின் முற்பாதியில் நண்பகல் வரையும் பிற்பாதியில் நாள் முழுவதும் அனுமதி உண்டு. ஜார்ஜியா, டென்னசி போன்ற மாநிலங்களில் நாள் முழுவதும் வேட்டையாடலாம். இந்த விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படக்கூடியவை என்பதால், எந்த ஆண்டிலும் போவதற்கு முன் மாநில வனவிலங்குத் துறையின் அவ்வாண்டுக் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். நண்பகலில் நிறுத்துவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: அடையில் இருக்கும் பெட்டைகளைக் கலைக்காமல் இருப்பது, சேவல்களுக்கு ஓய்வு தருவது. முதல் காரணத்துக்கு எவ்வளவு வலுவான ஆதாரம் உண்டு என்பதில் துறையினரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் இந்தப் பறவை ஒரு காலத்தில் மிசௌரியிலிருந்து ஏறத்தாழ அழிந்துவிட்டிருந்தது. பிடித்துக் கொண்டுபோய் வேறு காடுகளில் விட்டுப் பெருக்கிய பிறகு, 1960-இல் நடந்த முதல் நவீன இளவேனிற் பருவம் பதினான்கு கவுண்டிகளில் வெறும் மூன்று நாள் மட்டுமே நடந்தது. அதில் கிடைத்தவை 94 பறவைகள். அந்த வரலாறு தெரிந்த எவரும் 1 மணிக் கெடுவைத் தொல்லையாக நினைக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். இன்றும் பல கிழக்கு, தென்கிழக்கு மாநிலங்களில் எண்ணிக்கை சரிந்திருக்கிறது; டென்னசி 2023-இல் பருவத் தொடக்கத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்ததும் பெட்டைகள் கருவுறுவதற்குப் போதிய காலம் தரவே.

தனியார் நிலத்தில் பிற்பகலும் கிடைக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். பன்னிரண்டு மணிக்குப் பிறகு சேவல்கள் நிழலில் ஒதுங்கும், மண்ணில் புரண்டு குளிக்கும், மெதுவாக மேயும், முழங்குவது அரிது. அந்த நேரத்தில் மலைமேடுகளில் அலைந்து அழைப்பது பயனற்றது. புல்வெளி ஓரத்தில் நிழலுள்ள இடத்தில் அமர்ந்து, அரைமணிக்கு ஒருமுறை மெல்லிய குரல் எழுப்பி, மற்ற நேரமெல்லாம் கண்ணால் வேட்டையாட வேண்டும். பொறுமை உள்ளவருக்குப் பலன் உண்டு. ஆனால் மாலை ஐந்தரை, ஆறு மணிக்குப் பிறகு, சட்டம் இடம் கொடுத்தாலும், அடையும் மரங்களின் பக்கம் துப்பாக்கியோடு போகாதீர்கள். அங்கே ஒருமுறை கலைந்த கூட்டம் அந்த மரங்களையே விட்டுப் போய்விடக்கூடும். மேலும், உறங்க வரும் பறவையை வழியில் மறித்துச் சுடுவது என் மனத்துக்கு ஒப்பாத செயல். மாலையில் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, தொலைவில் நின்று ஆந்தைபோல் ஒருமுறை கூவிப் பாருங்கள். மரமேறிய சேவல் திடுக்கிட்டுப் பதில் முழங்கினால், மறுநாள் அது எங்கிருந்து இறங்கும் என்பது தெரிந்துவிடும். ஒன்பது மணிக்கு வரும் உங்களைப் போன்றவருக்கு இந்த மாலைத் தகவல் மிகவும் பயன்படும், ஏனென்றால் விடியலில் கேட்கக் கிடைக்காததை முந்தின மாலையே கேட்டுவிடலாம். உங்கள் நண்பர் விடியலில் அங்கே இருப்பார் என்றால் அதைவிட எளிது: எந்த மேட்டில் முழங்கியது, இறங்கியபின் எந்தப் பக்கம் போயிற்று என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் துல்லியமாக அறிந்துகொண்டு காட்டில் நுழையுங்கள்.

இவையெல்லாம் கிழக்கு வான்கோழி என்னும் வகையைப் பற்றியவை. டெக்சாஸ், கேன்சஸ் சமவெளிகளில் வாழும் ரியோ கிராண்டே வகை, ஓடையோர மரங்கள் சிலவற்றில் பெருங்கூட்டமாக அடைந்து, காலையில் வெகுதூரம் நடந்து மேயப் போகும் இயல்புடையது. அங்கே அது நடந்துபோகும் வழியை அறிவதுதான் வேட்டையின் பெரும்பகுதி. புளோரிடா தீபகற்பத்தின் ஓசியோலா வகைக்கும் மேற்கு மலைகளின் மெரியம் வகைக்கும் நான் சொன்ன மணிக்கணக்கை அப்படியே பொருத்த வேண்டாம்; அவற்றை வேட்டையாடிய பழக்கம் எனக்கு இல்லை.

ஒன்பது மணிக்கு நுழையும்போது செய்ய வேண்டியவை சில. வான்கோழியின் கண் மிகக் கூர்மையானது; தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றிப் பெரும்பகுதியைப் பார்க்கும், நிறமும் தெரியும். விடியலில் இருள் உங்களை மறைத்தது போலப் பத்து மணி வெயில் மறைக்காது. ஆகவே மேட்டு முகட்டில் நடக்காமல் சற்றுக் கீழே, நிழல் பக்கமாக நடங்கள். நூறு, நூற்றைம்பது கெஜத்துக்கு ஒருமுறை நின்று கேளுங்கள். காகம் கரைவது போன்ற ஓசையை முதலில் எழுப்பிப் பாருங்கள். அதற்கு முழங்கினால், நீங்கள் பெட்டைக் குரல் கொடுக்காமலே அதன் இடம் தெரிந்துவிடும். பெட்டைக் குரல் கொடுப்பதற்கு முன் எப்போதும் உட்காரும் மரத்தைத் தேர்ந்துவிடுங்கள், ஏனென்றால் பத்து மணிச் சேவல் சில நேரம் அறுபது கெஜத்திலிருந்தே பதில் சொல்லும். அப்போது மரம் தேட நேரமிருக்காது. குரலைக் குறைவாகவும் மெல்லவும் கொடுங்கள். நான்கு ‘யெல்ப்’, ‘கிளக்’ எனப்படும் குறுங்குரல் இரண்டு, பிறகு பதினைந்து நிமிட அமைதி போதும். பழந்தமிழில் ‘பார்வை’ என்று ஒரு சொல் உண்டு. தன் இனத்தை ஈர்ப்பதற்காக வேட்டுவர் பழக்கிக் கட்டிவைத்த விலங்குக்கு அது பெயர். இங்கே பிளாஸ்டிக் பெட்டை ஒன்றை அந்தப் பார்வையாக நடுகிறார்கள். திறந்த புல்வெளியில் அது உதவும். அடர்ந்த காட்டில் எனக்கு அதன் தேவை தோன்றியதில்லை, ஏனென்றால் அங்கே பெட்டையைத் தேடிக்கொண்டே சேவல் சுடும் தொலைவுக்குள் வந்துவிடுகிறது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் முற்பகலில் இடம் மாறி மாறி நடக்கும் வேட்டைக்காரர்கள் காட்டில் மிகுதி. சேவலின் தலையில் உள்ள சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்கள் எதுவும் உங்கள் உடையிலோ கைக்குட்டையிலோ, காலுறையிலோகூட இருக்கக் கூடாது. உங்கள் தோள்களைவிட அகலமான மரத்தில்தான் முதுகைச் சாய்க்க வேண்டும். முழக்கம் கேட்கும் திசையை நோக்கிப் பதுங்கிப் போகாதீர்கள். அது இன்னொரு வேட்டைக்காரரின் குரலாகவும் இருக்கலாம். எவரேனும் உங்கள் பக்கம் வந்தால் கையை அசைக்காமல், இயல்பான மனிதக் குரலில் உரக்கப் பேசுங்கள். இளவேனிலில் சேவலையோ நெஞ்சில் தாடி (மயிர்க்கற்றை போலத் தொங்கும் இறகு) தெரியும் பறவையையோதான் சுட அனுமதி உண்டு. தாடியைத் தெளிவாகக் கண்ட பிறகு, நாற்பது கெஜத்துக்குள், கழுத்தும் தலையும் சேருமிடத்தைக் குறிவைத்துச் சுடுங்கள். முழுத் தெளிவு இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு நேரம் இருப்பது என்று கேட்டிருந்தீர்கள். பொது நிலமாக இருந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டே முக்கால் வரை முழுவதும் இருங்கள். ஓர் இடத்தில் நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் உட்காருங்கள். கிளம்ப முடிவெடுத்த பிறகும் பதினைந்து நிமிடம் அசையாமல் இருந்து, நேர் எதிரே மட்டுமல்லாமல் இரு பக்கங்களிலும் கண்ணை மட்டும் மெல்ல ஓட்டிப் பார்த்துவிட்டு எழுங்கள். முற்பகல் சேவல் பெரும்பாலும் முழங்காமல் வரும். நான் தவறவிட்டவற்றில் மிகுதியும் அவசரப்பட்டு எழுந்து நின்றபோது இருபது கெஜத்திலிருந்து பறந்தவையே.